கடைசி வகுப்பின் வரலாறு

1751ஆம் ஆண்டின் நடுவில் வாலிகண்டபுரத்துக் கோட்டைத் தலைவருக்கு நல்ல கிராக்கி. ஒரு பக்கம் கர்நாடக நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களும். எதிர்ப்பக்கம் அவருடைய போட்டியாளர் முகமது அலியின் ஆட்களும், கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் வந்த கும்பினிப் படையும். கோட்டை யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்குத்தான் திருச்சிராப்பள்ளிச் சாலை. கோட்டைத் தலைவரோ இருவரிடமும் நாள்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் தாக்கினார்கள். கீழே இருந்த பேட்டையைப் பிடித்தவர்களால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அடுத்து நடந்த சண்டையில் வரிசை குலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். அந்தப் படைக்குச் சோறும் வண்டியும் பார்த்துக்கொள்ளும் கமிசரி வேலையில் இருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்கு வயது 25.

வாலிகண்டபுரத்துக்கும் ஊட்டத்தூருக்கும் நடுவில் இருப்பது சிறுவாச்சூர். பின்வாங்கிய படை இந்த ஊரை ஒட்டித்தான் தெற்கே போயிருக்க வேண்டும். சில வாரங்களில் கிளைவ் சென்னைக்குத் திரும்பி, 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு ஆற்காட்டுக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு முன்பு நடந்த தோல்வியைப் படித்த நினைவு யாருக்கும் இருக்காது. ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட போர் வரலாற்றில் 'வால்கொண்டா' என்ற பெயரில் அதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். இன்று சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே, பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகத் தெரியும் ரஞ்சன்குடிக் கோட்டைதான் அந்தச் சண்டையின் களம் என்பார்கள்.

சிறுவாச்சூர் என்றால் வெளியூர்க்காரருக்கு மதுரகாளியம்மன். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயில். மதுரையை எரித்துவிட்டுக் கோபம் தணியாமல் வந்த கண்ணகிதான் இங்கே அமர்ந்தாள் என்பது தலபுராணம். அந்த நெடுஞ்சாலையிலேயே தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரியின் கட்டடங்களும் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்தால் ஃபர்ஸ்ட் குரூப், அதாவது கணிதமும் அறிவியலும். மற்றவர்களுக்குத் தேர்ட் குரூப். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் நான்கும் ஒரே கட்டாக வரும். வரலாற்றின் மேல் ஆசைப்பட்டு அந்தக் கட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பெரும்பாலானவர்களிடம் வரலாறு தானாக வந்து சேர்கிறது.

கடைசி வகுப்பில் என்ன வரலாறு படிக்க வேண்டும் என்பதை வகுப்பறை முடிவு செய்ததில்லை. பரீட்சைக்கு அந்தப் பக்கம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் எப்போதும் முடிவு செய்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தை வைத்தே அதைச் சொல்லலாம்.

பரீட்சையே இல்லாத காலத்தில் தொடங்குவோம். 1860களில் இதே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் ஒரு பையன் ஊர் ஊராகத் தமிழ் படித்துக்கொண்டு திரிந்தான். அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியரைத் தேடிக் குடும்பமே இடம்பெயர்ந்தது. தகப்பனார் கதாகாலட்சேபம் செய்து கிடைத்த நெல்லும் பணமும்தான் ஜீவனம். செங்கணம் ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம். பிறகு 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் போய்ச் சேர்ந்த அந்தப் பையன்தான் உ.வே.சாமிநாதையர்.

அவர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் வரும் பாடப் பட்டியலைப் பார்த்தால் அந்தாதி, பிள்ளைத்தமிழ், நிகண்டு, இலக்கணம், புராணம் எல்லாம் இருக்கின்றன. வரலாறு என்று ஒரு பாடம் இல்லை. எந்த மன்னன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான் என்று அந்த ஆசிரியர்கள் யாரும் கேட்கவில்லை. வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் அப்போதும் இருந்தன. அவற்றைப் படிப்பது படிப்பாகக் கருதப்படவில்லை.

வரலாற்றைப் பாடமாக்கியது வேறொரு தேவை. 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம், அதே ஆண்டு மெட்ரிகுலேஷன் பரீட்சை. பள்ளியின் கடைசிப் படியும் கல்லூரியின் முதல் படியும் அந்தப் பரீட்சைதான். சர்க்கார் உத்தியோகத்தின் வாசலும் அதுவே. இந்திய வரலாறும் இங்கிலாந்து வரலாறும் பூகோளமும் அதில் இடம்பிடித்தன. சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி மோரிஸ் பள்ளிகளுக்காக எழுதிய இந்திய வரலாறு பல பதிப்புகள் கண்டது. பின்னால் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த மார்ஸ்டனின் புத்தகங்கள் மாக்மில்லன் வழியாக மாகாணம் முழுக்கப் பரவின. பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியே பள்ளிப் புத்தகமும் எழுதினால் அது விற்காமல் என்ன செய்யும்!

ஜேம்ஸ் மில் 1817இல் போட்டுக்கொடுத்த பாத்தி அப்படியே தொடர்ந்தது: இந்துக் காலம், முகமதியர் காலம், பிரிட்டிஷ் காலம். முதலிரண்டும் முடிந்துபோனவை, மூன்றாவது மட்டும் நிலைக்கும் என்கிற தொனி அதில் ஒட்டிக்கொண்டே வந்தது. பாரதிக்கு இந்தப் படிப்பின்மேல் இருந்த கோபத்தை அவருடைய தன்வரலாற்றுக் கவிதையில் பார்க்கலாம். கணிதமும் பொருள்நூலும் உருப்போட்ட பையன்களுக்குக் கம்பனும் காளிதாசனும் தெரியாது, பாண்டிய சோழர்கள் இந்த நாட்டை ஆண்டதும் தெரியாது என்று கொதிக்கிறார்.

பெரம்பலூர் தாலுகாவிலிருந்து மெட்ரிகுலேஷன் வரை போனவர்கள் மிகச் சிலர். போனவர்களுக்கும் திருச்சிதான் கதி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. மானாவாரிச் சோளமும் பருத்தியும் விளைகிற பூமியிலிருந்து அங்கே ஒரு பையனை அனுப்பி, ட்யூடர் வம்சத்தையும் ஸ்டூவர்ட் வம்சத்தையும் மனப்பாடம் செய்ய வைப்பதற்குக் குடும்பத்தில் நிலமோ நகையோ அடமானத்துக்கு இருக்க வேண்டும்.

பாரதி கோபித்துக்கொண்டது சரி. ஆனால் அந்தப் புத்தகக்காரர்களுக்கே சோழரைப் பற்றி அதிகம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பதே 1880களில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன பிறகுதான் ஐயமின்றி நிலைபெற்றது. அதுவரை ஆளுக்கொரு சோழன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அதற்கு முன்பே, 1836இல், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டும் வேலைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ராஜேந்திரன் எழுப்பிய தலைநகரம், இரண்டரை நூற்றாண்டு சோழ நாட்டை ஆண்ட இடம், அந்தக் காலப் பொறியாளர்களின் கண்ணுக்கு ஒரு நல்ல கல் குவாரி.

1911இலிருந்து மெட்ரிகுலேஷனின் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. அந்தப் பெயரோடு ஒரு கெட்டி அட்டைப் புத்தகமும் வந்தது. மார்க்கு, பிறந்த தேதி, வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்கிற மாதிரி அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறைக்கு அந்தப் புத்தகமே பிறப்பு ஆதாரம். வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஒரு மனிதன் எப்போது பிறந்தான் என்ற தனி வரலாறுகூட இந்தக் கடைசி வகுப்பில்தான் எழுதி முத்திரையிடப்பட்டது. தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதியில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர்.

1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியானது. அதே பத்தாண்டில், 1935இலும் 1937இலும், நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' ஆங்கிலத்தில் இரண்டு பகுதிகளாக வந்திருந்தது. தமிழில் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு 1949இல் வரத் தொடங்கியது. இப்படி ஆராய்ச்சியில் கிடைத்த சோழர்கள் மெல்ல மெல்லப் பள்ளிப் பாடத்துக்குள் வந்தார்கள். உத்தியோக வாசலில் வெள்ளைக்காரர் நின்ற காலம் முடிந்து, இந்த நாட்டுக்காரர் வந்து நின்றார். கேள்வியும் மாறியது. ட்யூடர்கள் விடைபெற்றார்கள். குடவோலை முறையும் ஏரி வாரியமும் அஞ்சு மார்க் கேள்வியாக வந்து உட்கார்ந்தன.

ஆனால் சோழரை வீட்டுக்குள் கொண்டுவந்தது பாடநூல் இல்லை, கல்கி. 1950இலிருந்து வந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்குச் சாஸ்திரியும் பண்டாரத்தாரும் அடித்தளம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் வரும் பழுவேட்டரையர்களின் ஊரான பழுவூர் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கீழையூரில் அவர்கள் காலத்து இரட்டைக் கோயில்கள் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற பெயரோடு இன்னும் நிற்கின்றன. கதையிலும் 2022இல் வந்த படத்திலும் சதிகாரர்களாக நடமாடும் அவர்களை, சோழருக்குப் பெண் கொடுத்தும் போரில் துணை நின்றும் வாழ்ந்த சிற்றரசர்களாகக் காட்டுகின்றன கல்வெட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நாள் பள்ளிச் சுற்றுலா போதும். சுற்றுலா என்றால் பள்ளிகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் வண்டி பிடிக்கின்றன என்பது வேறு விஷயம்.

காமராசர் காலத்தில் பள்ளிகள் பெருகின. இலவசக் கல்வி எஸ்.எஸ்.எல்.சி. வரை நீண்டது. சிறுவாச்சூர் போன்ற ஊர்களிலிருந்து முதல் தலைமுறை கடைசி வகுப்பைத் தொட்டது அப்போதுதான். அதுவரை வரலாறு படித்தவன் ஊருக்கு ஒருவன் என்றால், இப்போது தெருவுக்கு ஒருவன். அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்பது தமிழ்நாட்டில் பொதுச்சொத்தானதும் இந்தக் காலத்தில்தான்.

1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பள்ளி பன்னிரண்டுக்கு நீண்டது. கோத்தாரி குழு 1966இலேயே சொல்லியிருந்த பத்துக்குப் பின் இரண்டு என்ற ஏற்பாடு. கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய்ப் பள்ளிக்குள் பிளஸ் டூ வந்தது. 1980 மார்ச்சில் முதல் பொதுத்தேர்வு. வரலாற்றுக்கு இது பெரிய அடி. அதுவரை கடைசிப் பரீட்சை எழுதிய எல்லோரும் வரலாற்றையும் எழுதினார்கள். இனி அது குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும் என்றானது. சில ஆண்டுகளில் தனியார் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. வாசலில் நின்ற ஆள் மறுபடி மாறினார். அவருக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் போதும், வேறு பாடம் எதையும் கேட்கவில்லை.

பாடநூல்களின் தலைவிதியையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1970இல் தொடங்கிய தமிழ்நாடு பாடநூல் கழகம்தான் அச்சிட்டுக் கொடுக்கிறது. 2011இல் ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்வி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்து, பள்ளி தொடங்கி இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் கைக்கு வந்தது. முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியதைப் பிள்ளைகள் விடுவார்களா? வேறு எந்தப் பக்கத்தையும் அவ்வளவு அக்கறையாகப் படித்திருக்க மாட்டார்கள்.

இப்போது கையில் இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் 2019இல் வந்தது. பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டால் நல்ல புத்தகம். 15 பாடங்கள். முதல் ஏழு இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி விடுதலையில் முடிகின்றன. வகுப்புவாதத்துக்கென்றே தனிப் பாடம் உண்டு. அடுத்த இரண்டு விடுதலைக்குப் பிந்தைய இந்தியா. மீதி ஆறும் பகுத்தறிவின் காலம், புரட்சிகள், ஏகாதிபத்தியம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம் என்று ஐரோப்பாவைச் சுற்றி வருகின்றன. சுருங்கச் சொன்னால் நவீன காலத்துக் கதை. தொல்பழங்காலம், சங்ககாலம், பல்லவர், சோழர், விஜயநகரம், ஐரோப்பியர் வருகை, கர்நாடகப் போர்கள் எல்லாம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில்.

ஆக, சிறுவாச்சூரிலிருந்து சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்ப் பார்க்கக்கூடிய வரலாறு அனைத்தும் ஒரு வகுப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம், பழுவூர், கங்கைகொண்ட சோழபுரம், அங்கே 2021இல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை மறுபடி தோண்டிய மாளிகைமேடு, எல்லாமே அதில் அடங்கும். கடைசி வகுப்புக் காலத்துக்குள் வரும் உள்ளூர்ச் சம்பவம் என்று தேடினால் 1956 நவம்பர் 23ஐச் சொல்லலாம். அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரசியல் நேர்மைக்கு எடுத்துக்காட்டாக இந்தியாவே அந்த ராஜினாமாவைச் சொல்கிறது. பெட்டிகள் கிடந்த ஆறு இந்த வட்டாரத்து ஆறு. 2001இல் பிறந்து, மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்ட அரியலூர் மாவட்டம் 2007இல் மீண்டும் தனியானதும் ஒரு நவம்பர் 23ஆம் தேதிதான்.

வரலாற்றுப் பாடத்துக்குள் அடங்காத பழமையும் இங்கே உண்டு. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்கு ஓடைக்கரையில் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் வெளியுலகுக்குச் சொன்னது. அதற்கும் வெகு முன்பே, 1860களில், புவியியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பக்கத்துப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பெயரிட்டார். உலகத்துப் புவியியலாளர்கள் இன்றும் அதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். கிளைவ் பின்வாங்கிய ஊட்டத்தூரும் பாறை அடுக்குக்குப் பெயர் தந்த ஊட்டத்தூரும் ஒன்றே. ஒரு ஊர் இரண்டு பாடத்தில் வருவது பெரிய பாக்கியம். எந்தப் பாடத்திலும் அது பரீட்சைக்கு வராது என்பதால் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இன்றைக்கு வாசலில் நிற்பது டி.என்.பி.எஸ்.சி. 2022இல் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பெரம்பலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 5,65,223தான், மாநிலத்திலேயே மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் பாதிக் கிணறு தாண்டலாம் என்பது கோச்சிங் சென்டர்களின் பாலபாடம். இதனால் ஒரு வினோதம் நடந்தது. பொறியியல் கல்லூரிகள் தூக்கிப் போட்ட வரலாற்றுப் புத்தகத்தைப் பொறியியல் படித்து முடித்தவர்களே மறுபடி தேடி வாங்குகிறார்கள். பதினேழு வயதில் தேர்ட் குரூப் பையனைப் பார்த்து இரக்கப்பட்டவர், இருபத்தைந்து வயதில் நூலகத்தில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரௌலட் சட்டத்தின் ஆண்டைக் குறித்துக்கொள்கிறார்.

பதினோராம் வகுப்புக்கும் ஒரு வாசல் கொஞ்ச காலம் இருந்தது. பதினொன்றைப் பல பள்ளிகள் நடத்தாமலேயே பன்னிரண்டுக்குத் தாவுகின்றன என்பதால், 2018 மார்ச் முதல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 1200 மார்க் 600 ஆனது. வரலாற்றில் எழுத்துத் தேர்வுக்கு 90, அக மதிப்பீட்டுக்கு 10. சோழரும் கர்நாடகப் போர்களும் சில ஆண்டுகள் பொதுத்தேர்வுப் பாடமாக இருந்து, விடிய விடியப் படிக்கப்பட்டன. 2025 ஆகஸ்ட் 8இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. மாணவர்களின் மனச்சுமையைக் குறைப்பது நோக்கம், அதில் தவறு சொல்ல முடியாது. அதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூலை 27இல், ராஜேந்திரனின் ஆயிரம் ஆண்டுப் பெருமையைக் கொண்டாடப் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து நாணயம் வெளியிட்டுப் போயிருந்தார். ராஜேந்திரன் இருக்கும் பாடம் 2025–26 முதல் பள்ளி அளவிலான தேர்வுக்கு மட்டுமே.